பேனலுக்குள் எத்தனை டிகிரி?

தொழிற்சாலைக்குக் கண்ட்ரோல் பேனல் வாங்குகிறவர் கொட்டேஷனில் விலையைப் பார்ப்பார், டெலிவரி தேதியைப் பார்ப்பார், பிரேக்கரும் டிரைவும் எந்தக் கம்பெனி என்று வரிவரியாகப் பார்ப்பார். ‘சுற்றுப்புற வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ்’ என்ற வரியும் அதே தாளில்தான் இருக்கும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மே மாதம் பிறந்ததும் அந்த வரி பேச ஆரம்பிக்கிறது. டிரைவ் ‘ஓவர் டெம்பரேச்சர்’ என்று காட்டிவிட்டு நிற்கிறது. லோடு கூடாமலே பிரேக்கர் டிரிப் ஆகிறது. கடைசியில் பேனல் கதவைத் திறந்துவைத்து, எதிரே பெடஸ்டல் ஃபேனை நிறுத்தி ஷிஃப்டை ஓட்டுகிறார்கள்.

அந்த 40 எங்கிருந்து வந்தது, எதன் வரம்பு அது, நம் வெயிலிலும் நம் ஆலைகளின் உள்வெப்பத்திலும் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். 40 டிகிரி என்பது ஒரு வாக்குறுதியோடு சேர்ந்த நிபந்தனை. நிபந்தனை பொருந்தாத இடத்தில் வாக்குறுதியும் இல்லை. நமது ஆலைகளில் பாதிக்கும் மேற்பட்ட பேனல் தொல்லைகள் சரக்கின் தரத்தால் வருபவை அல்ல, இந்த நிபந்தனையைத் திருத்தி எழுதாமல் வாங்கியதால் வருபவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

40 வந்த வழி

மின்சாதனங்களுக்கு வெப்ப வரம்பு வைக்கும் வழக்கம் காப்புப் பொருளிலிருந்து தொடங்கியது. செம்பு 100 டிகிரியில் ஒன்றும் ஆகாமல் இருக்கும். அதைச் சுற்றியுள்ள பருத்தியும் காகிதமும் வார்னிஷும், பின்னாளில் பிவிசியும்தான் காய்ந்து, வெடித்து, கருகும். 1913-இல் ஸ்டைன்மெட்ஸும் லேமும் அமெரிக்காவில் எழுதிய கட்டுரை, காப்புப் பொருள்களை அவை தாங்கும் வெப்பநிலைப்படி வகைப்படுத்தும் முறைக்கு அடித்தளம் போட்டது. 1930-இல் மான்ட்சிங்கர், டிரான்ஸ்ஃபார்மர் காப்பின் ஆயுள் ஏறக்குறைய 8 டிகிரிக்கு ஒருமுறை பாதியாகிறது என்று காட்டினார். அர்ஹீனியஸ் 1889-இல் வேதிவினைகளின் வேகத்துக்குத் தந்த சமன்பாடே காப்பு முதுமையடைவதற்கும் பொருந்தும் என்று 1948-இல் டேக்கின் விளக்கினார். இன்று பட்டறைவரை எல்லோரும் சொல்லும் ‘10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி’ என்ற விதிக்கு வேர் இங்கேதான்.

காப்பு தாங்கும் உச்ச அளவிலிருந்து சுற்றுப்புற வெப்பநிலையைக் கழித்தால் மிஞ்சுவதே சாதனம் தானாகச் சூடேற அனுமதிக்கப்பட்ட அளவு. மோட்டாரில் இது பளிச்சென்று தெரியும். கிளாஸ் எஃப் காப்பின் வரம்பு 155 டிகிரி. அதில் சுற்றுப்புறத்துக்கு 40, வெப்ப உயர்வுக்கு 105, வைண்டிங்கின் அதிகம் சூடாகும் இடத்துக்காக 10. சுற்றுப்புறத்துக்கு ஏதாவது ஓர் எண் வைத்தாக வேண்டும். ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனதில் வைத்து எழுதியவர்களுக்கு 40 தாராளமான எண். அங்கே பெரும்பாலான இடங்களில் கோடையின் உச்சமே அவ்வளவுதான்.

பேனல்களுக்கு இன்று உலகளாவிய அடிப்படை ஐஇசி 61439 என்ற தரம். இந்தியாவில் அதுவே ஐஎஸ்/ஐஇசி 61439. கட்டடத்துக்குள் வைக்கும் பேனலுக்கு அது கூறும் சாதாரண நிலை இது: காற்றின் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, 24 மணி நேரச் சராசரி 35-ஐத் தாண்டக் கூடாது, கீழ் வரம்பு மைனஸ் 5. வெளியில் வைக்கும் பேனலுக்கும் மேல் வரம்பு அதே 40, அதே 35. கீழ் வரம்பு மட்டும் மைனஸ் 25. வட அமெரிக்காவின் யூஎல் 508ஏ தரத்திலும் வேறு குறிப்பு இல்லாத பேனலுக்கு அடிப்படை 40 டிகிரிதான்.

இந்த இரண்டு எண்களில் 40-ஐ மட்டுமே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலில் மீறப்படுவது 35-தான். கத்திரி வெயிலில் பகல் உச்சம் 41, விடியற்காலை 29 என்றால் சராசரி 35-ஐத் தொட்டுவிடும். இது வானிலை நிலையத்தின் கணக்கு. சிமென்ட் ஷீட்டோ தகரமோ வேய்ந்த, மூன்று ஷிஃப்டும் ஓடும் கூடத்தில் இரவில்கூடச் சூடு இறங்குவதில்லை. பேனல் ஆறுவதற்கு என்று தரம் நம்பியிருந்த அந்த இரவு இங்கே கிடைப்பதில்லை. பகல் உச்சத்தை மட்டும் பார்த்து ‘நம்ம ஊர் 42-தானே, 2 டிகிரிதானே அதிகம்’ என்று சமாதானம் அடைவது இதனால்தான் தவறு.

தரத்தை எழுதியவர்கள் சூடான நாடுகளை மறந்துவிட்டார்கள் என்று குறை சொல்வதும் நியாயம் இல்லை. 40-க்கு மேற்பட்ட இடத்தைச் ‘சிறப்புப் பயன்பாட்டு நிலை’ என்று வகைப்படுத்தி, அதை வாங்குபவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அதே தரம் சொல்கிறது. இருவரும் பேசி முடிவுசெய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி ஒரு பின்னிணைப்பே அதில் இருக்கிறது. நம்மில் பலர் அந்தப் பின்னிணைப்பை நிரப்பாமலே ஆர்டர் கொடுத்துவிடுகிறோம்.

ஒரே பெயரில் மூன்று எண்கள்

‘சுற்றுப்புற வெப்பநிலை’ என்ற ஒரே சொல்லை மூன்று பேர் மூன்று பொருளில் பயன்படுத்துகிறார்கள். குழப்பத்தின் பெரும்பகுதி இங்கே.

முதலாவது வானிலைத் துறையின் எண். நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள், ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே அளந்தது. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரியும், 2016 மே 19 அன்று ராஜஸ்தானின் பலோடியில் பதிவான 51 டிகிரியும், அதே ஆண்டு ஜூலையில் குவைத்தின் மித்ரிபாவில் பதிவான 53.9 டிகிரியும் இப்படி அளக்கப்பட்டவைதான். இரண்டாவது, பேனல் நிற்கும் இடத்தின் காற்று. ஐஇசி 61439 சொல்லும் 40 இதற்கானது. திருப்பூர் டையிங் யூனிட்டில் ஸ்டென்டர் பக்கத்தில், கோவை ஃபவுண்டரியில் உலைக்கு அருகில், அனல்மின் நிலையத்தில் பாய்லர் மாடியில் இந்த எண் வானிலை எண்ணைவிட மிக அதிகம். மூன்றாவது, பேனலுக்கு உள்ளே ஒவ்வொரு சாதனத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று. பிஎல்சியின் கையேடு ‘60 டிகிரி வரை’ என்று சொல்லும்போது இந்தக் காற்றைத்தான் சொல்கிறது.

‘பிஎல்சி 60 தாங்கும், வெளியே 45தான், 15 டிகிரி கையில் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அவர் மூன்றாம் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்திருக்கிறார். நடுவில் கூடத்தின் சூடும் பேனலின் சொந்தச் சூடும் காணாமல் போய்விட்டன.

வெளியில் நிற்கும் பேனலுக்கு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும், வெயில். உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1000 வாட். அடர்நிறப் பெயின்ட் அதில் பத்தில் ஒன்பது பங்கை உள்வாங்கும். நல்ல வெள்ளைப் பெயின்ட் கால் பங்கு அளவோடு நிறுத்தும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் இருக்கும் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் போன்ற திறந்த வெளிகளில் மின்பெட்டிக்கு மேல் ஒரு தகரக் கூரை, அதற்கும் பெட்டிக்கும் நடுவே காற்றோடும் இடைவெளி, வெளிர் நிறம் என்று மூன்றையும் செய்தால் பெரும்பகுதிச் சுமை பெரிய செலவில்லாமல் குறைந்துவிடும். பேனலை மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் மாட்டுவதைத் தவிர்த்தால் இன்னும் நல்லது.

உள்ளே இருப்பவை ஒவ்வொன்றும் வேறு

ஒரு பேனலுக்கு ஒரே ரேட்டிங் என்பது பெயர்ப்பலகையில் மட்டுமே உண்மை. உள்ளே இருப்பவை ஒவ்வொன்றும் வேறு வேறு வெப்பநிலையில் அளவீடு செய்யப்பட்டவை.

டிஐஎன் ரெயிலில் மாட்டும் சிறு எம்சிபி, ஐஇசி 60898-இன்படி 30 டிகிரியில் அளவீடு செய்யப்படுவது. அது வீடுகளுக்காக எழுதப்பட்ட தரம். தொழிற்சாலைகளுக்கான எம்சிசிபி, ஐஇசி 60947-2-இன்படி பொதுவாக 40-இல். இரண்டிலும் டிரிப் செய்வது ஓர் இரட்டை உலோகத் தகடு. அது சூட்டில் வளைகிறது. அந்தச் சூடு கரன்டால் வந்ததா கூடத்தால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. அதனால் 60 டிகிரிக் காற்றில் 100 ஆம்பியர் பிரேக்கர் 100 ஆம்பியரைச் சுமக்காமல் முன்னதாகவே விழும். எவ்வளவு முன்னதாக என்பதற்குத் தயாரிப்பாளரின் கேட்டலாக்கில் அட்டவணை உண்டு. எம்சிபிகளை ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக வைத்தால் அவை ஒன்றையொன்று சுட்டு, திறன் இன்னும் இறங்கும். நல்ல ஓவர்லோடு ரிலேக்களில் சுற்றுப்புறத்தைச் சமன்செய்யும் இரண்டாவது தகடு உண்டு; மின்னணு டிரிப் கொண்ட பிரேக்கர்கள் காற்றைப் பார்த்து ஏமாறுவதில்லை. ஆனாலும் அவற்றின் டெர்மினல்களும் செம்புப் பாதைகளும் சூட்டுக்கு விலக்கு இல்லை.

வயருக்கு வருவோம். 70 டிகிரி பிவிசி வயரின் கரன்ட் அளவை 30 டிகிரிக் காற்றுக்கு ஐஇசி 60364 தருகிறது. 40 டிகிரியில் அதை 0.87-ஆலும், 50-இல் 0.71-ஆலும், 55-இல் 0.61-ஆலும் பெருக்க வேண்டும். 90 டிகிரி தாங்கும் எக்ஸ்எல்பிஇ காப்பு என்றால் 55-இல்கூட 0.76. இந்தியக் கேபிள் அட்டவணைகளில் காற்றுக்கு அடிப்படையே 40 டிகிரி என்பதால் எந்த அட்டவணையை எடுத்தோம் என்று பார்க்காமல் பெருக்கினால் கணக்கு தப்பும். பேனலுக்குள் 55 டிகிரி சாதாரணம். எனவே வெளியே ஓடும் கேபிளை ஒழுங்காகக் கணக்குப் போட்டுவிட்டு உள்ளே ஓடும் கன்ட்ரோல், பவர் வயரிங்கைப் பழக்கத்தில் இழுத்துவிடும் இடத்தில்தான் முதல் கருகல் தொடங்குகிறது. 85 டிகிரி தாங்கும் எச்ஆர் பிவிசி வயர் கடையிலேயே கிடைக்கிறது. சூடான கூடத்துக்குப் போகும் பேனலில் அதைத் தவிர வேறு போடக் கூடாது என்பது என் கருத்து.

டிரைவ்தான் உள்ளே பெரிய அடுப்பு. பெரும்பாலான டிரைவ்கள் 40 டிகிரிவரை முழுத் திறன் தரும். அதற்கு மேல் 50 வரை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 1 சதவீதம் கரன்டைக் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கையேட்டில் இருக்கும் இந்த எண்ணும் பேனலுக்கு உள்ளே உள்ள காற்றைச் சொல்வதுதான், கூடத்துக் காற்றை அல்ல. உயரமும் ஒரு காரணி. 1000 மீட்டருக்கு மேல் 100 மீட்டருக்கு 1 சதவீதம் என்ற குறைப்பு வழக்கம். குன்னூர் தேயிலை ஆலைகளில் காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் மெல்லியதாக இருப்பதால் சூட்டை எடுத்துச் செல்லும் திறன் குறைவு.

பிஎல்சியில் கவனிக்க வேண்டியது மாட்டும் திசை. பரவலாகப் புழங்கும் ஒரு சிறு பிஎல்சி வரிசைக்குக் கிடைமட்டமாக மாட்டினால் 60 டிகிரி, செங்குத்தாக மாட்டினால் 50. இடம் போதவில்லை என்று ரெயிலைத் திருப்பி மாட்டியவர் தெரியாமலேயே 10 டிகிரியை இழக்கிறார். கதவில் பதிக்கும் திரைகள் பெரும்பாலும் 50-உடன் நின்றுவிடும். டிசி காயில் உள்ள காண்டாக்டரில் செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறுகிறது. 20-இலிருந்து 60-க்குப் போனால் 15 சதவீதத்துக்கு மேல். வோல்டேஜும் குறைந்திருக்கும் நேரத்தில் காண்டாக்டர் இழுக்கத் தயங்கி அதிர்வது இதனாலும்தான்.

எல்லாவற்றிலும் முதலில் சாவது மின்பகுளிக் கெப்பாசிட்டர். 24 வோல்ட் பவர் சப்ளையிலும் டிரைவிலும் அது இருக்கிறது. 105 டிகிரியில் 5000 மணி நேரம் என்று குறித்த ஒன்று, 65 டிகிரியில் 80,000 மணி நேரம் ஓடும், அதாவது ஒன்பது ஆண்டு. 75 ஆனால் 40,000, அதாவது நாலரை ஆண்டு. பேனலில் 10 டிகிரியைக் குறைப்பது என்றால் பணமாக என்ன பொருள் என்று கேட்கும் முதலாளிக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

10 டிகிரி விதியை எல்லாவற்றுக்கும் நீட்டக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மின்னணுவியலில் இதை எதிர்த்து வலுவான வாதம் உண்டு. லால், பெக்ட், ஹக்கிம் மூவரும் 1997-இல் எழுதிய நூல், குறைக்கடத்திச் சில்லுகளின் பழுதுகளில் பலவற்றுக்கு நிலையான வெப்பநிலையைவிட ஏற்ற இறக்கமும் பொருள்களுக்கு இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடும் முக்கியம் என்று வாதிட்டது. ஆலையில் இதைப் பார்க்கலாம். தினமும் சூடேறி ஆறும் பேனலில் டெர்மினல் திருகுகள் தளர்கின்றன; தளர்ந்த இணைப்பு சூடாகிறது; சூடு மேலும் தளர்த்துகிறது. கெப்பாசிட்டருக்கும் பிவிசிக்கும் 10 டிகிரி விதி, இணைப்புகளுக்கும் சால்டருக்கும் ஏற்ற இறக்கம் என்று பிரித்து வைத்துக்கொள்வதே சரி.

ஒரு பேனலின் கணக்கு

சொல்வதைவிடப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2 மீட்டர் உயரம், 80 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் கொண்ட இரும்புத் தகட்டுப் பேனல். முதுகு சுவரோடு. உள்ளே ஒரு 22 கிலோவாட் டிரைவ். இழப்பு சுமார் 3 சதவீதம் என்று கொண்டால் 600 வாட்டுக்கும் கொஞ்சம் மேல். பவர் சப்ளை, காண்டாக்டர், பிரேக்கர், பிஎல்சி எல்லாம் சேர்ந்து மொத்தம் 700 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

சூடு வெளியேறப் பயன்படும் பரப்பைக் கணக்கிட ஐஇசி 60890-இல் வழி உண்டு. சுவரோடு நிற்கும் தனிப் பேனலுக்கு அகலத்தை, உயரமும் ஆழமும் கூட்டிய தொகையால் பெருக்கி 1.4 மடங்கு, அதனோடு ஆழத்தை உயரத்தால் பெருக்கி 1.8 மடங்கு. நம் பேனலுக்கு 5.07 சதுர மீட்டர் வருகிறது. பெயின்ட் அடித்த இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் சுமார் 5.5 வாட்டை வெளியே விடும். ஆக, ஒரு டிகிரிக்கு 28 வாட். 700-ஐ 28-ஆல் வகுத்தால் 25.

கூடத்தில் 42 டிகிரி என்றால் பேனலுக்குள் 67. இதுவும் சராசரிதான், மேல் பகுதி இன்னும் சூடு. பிஎல்சியின் 60 போயிற்று, திரையின் 50 போயிற்று, டிரைவ் குறைத்துக்கொள்ளும் எல்லையையும் தாண்டிவிட்டது. பேனல் தரமானது, உள்ளே இருப்பவை எல்லாம் பெரிய கம்பெனி, ஆனாலும் முடியவில்லை. இடமும் வலமும் வேறு பேனல்கள் ஒட்டி நின்றால் பக்கச் சுவர்களும் பயன்படாமல் போய் இன்னும் ஏறும். இதே பேனலை 25 டிகிரி கூடத்தில் வைத்திருந்தால் உள்ளே 50 ஆகியிருக்கும். யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். மிதமான வானிலையில் நன்றாக ஓடிய இறக்குமதி மெஷினின் பேனல் இங்கே வந்ததும் நோயாளி ஆவதற்கு வேறு மர்மம் இல்லை.

ஃபேன் வைப்போம். உள்ளே 50-ஐத் தாண்டக் கூடாது, கூடம் 42, வித்தியாசம் 8. தகடு 223 வாட்டை எடுத்துவிடும்; மிச்சம் 477. தேவையான காற்றோட்டத்துக்குப் பேனல்காரர்கள் பயன்படுத்தும் சூத்திரம், வாட்டை 3.1-ஆல் பெருக்கி டிகிரி வித்தியாசத்தால் வகுப்பது. மணிக்கு 185 கனமீட்டர். ஒரு நல்ல ஃபில்டர் ஃபேன் போதும். இப்போது கூடம் 47 ஆகட்டும். வித்தியாசம் 3. அதே சூத்திரம் மணிக்கு 640 கனமீட்டரைக் கேட்கிறது. கூடம் 5 டிகிரி ஏறியதற்குக் காற்று மூன்றரை மடங்கு. 50-ஐத் தொட்டால் எந்த ஃபேனாலும் முடியாது, ஏனென்றால் வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக ஃபேன் எதையும் ஆக்குவதில்லை. ஃபேன் இருக்கும் பேனல் ஒரு குறிப்பிட்ட நாளில் திடீரெனத் தோற்பது, காற்றுத் தேவை இப்படிச் செங்குத்தாக ஏறுவதால்தான். நேற்றுவரை ஓடியது என்பது இன்றைக்குச் சான்று ஆகாது.

வெப்ப உயர்வைச் சோதித்துத்தான் நிரூபிக்க வேண்டுமா என்பது நெடுநாள் விவாதம். பழைய ஐஇசி 60439, முழுதாகச் சோதித்தது, பகுதி சோதித்தது என்று பேனல்களை இரண்டாகப் பிரித்திருந்தது. 61439 அந்தப் பிரிவை நீக்கி, சோதனை, ஒப்பீடு, கணக்கீடு என்று மூன்று வழிகளையும் அனுமதித்தது. கணக்கீட்டு வழிக்கு 1600 ஆம்பியர் என்ற மேல் வரம்பும், உள்ளே இருக்கும் சாதனங்களை அவற்றின் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்ற பாதுகாப்பும் வைத்தது. பெரிய பவர் பேனல்களைப் பெங்களூருவின் மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அந்தச் சான்றிதழில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளிக் கேபிள் சேரும் டெர்மினலுக்கு 70 கெல்வின் உயர்வு அனுமதி. அது சராசரி 35 டிகிரிக்கு. 35-உம் 70-உம் 105. சராசரி 45 ஆகும் இடத்தில் அதே 105-க்குள் நிற்க வேண்டுமானால் உயர்வு 60-ஐத் தாண்டக் கூடாது. சூடு கரன்டின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், கரன்டைச் சுமார் 7 சதவீதம் குறைக்க வேண்டும். 1000 ஆம்பியர் சான்றிதழ் அந்த இடத்தில் 930 ஆம்பியர் சான்றிதழ்தான்.

கதவில் கை வைத்துப் பார்த்து ‘சுடுது’ என்று தீர்ப்பு எழுதுவது பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்கூடிய உலோக மேற்பரப்புக்குத் தரமே 30 கெல்வின் உயர்வை அனுமதிக்கிறது. 40 டிகிரி கூடத்தில் 70 டிகிரிக் கதவு விதிக்கு உட்பட்டதே; அதில் யாராலும் கை வைத்திருக்க முடியாது. கை சுடாத கதவுக்குப் பின்னால் ஒரு தளர்ந்த லக் 120 டிகிரியில் இருக்கவும் கூடும்.

சூட்டை வெளியேற்றும் வழிகள்

ஃபேனின் வரம்பைப் பார்த்தோம். அதன் எதிரி ஃபில்டர். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசி ஒரு வாரத்திலேயே ஃபில்டரைப் போர்வையாக மூடிவிடும். ஃபேனைக் கீழே வைத்து, ஃபில்டர் வழியாகக் காற்றை உள்ளே தள்ளுவது நல்லது. பேனலுக்குள் அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் இடுக்குகள் வழியே தூசி வராது. மேலே வைத்து இழுத்தால், கேபிள் நுழையும் ஒவ்வொரு ஓட்டையும் தூசிக்கு வாசல்.

பெரிய டிரைவின் ஹீட்சிங்கைப் பின்சுவர் வழியே பேனலுக்கு வெளியே நீட்டும் முறை நம்மிடம் போதிய அளவு புழக்கத்துக்கு வரவில்லை என்பது வருத்தம். இழப்பின் பெரும்பகுதி உள்ளே வராமலே போய்விடும். மேலே சொன்ன 700 வாட் பேனலில் அப்படிச் செய்தால் மிச்சமுள்ள சிறு சூட்டைத் தகடே சமாளிக்கும்.

பேனல் ஏசிதான் வெளிக்காற்றைவிடக் கீழே கொண்டுபோகும் பரவலான வழி. அங்கே கணக்கு தலைகீழாகிறது. கூடம் 47, உள்ளே 35 என்றால் 12 டிகிரி வித்தியாசத்தில் தகடு வழியே 335 வாட் சூடு உள்ளே வருகிறது. சொந்தச் சூடு 700-ஐச் சேர்த்தால் ஏசி 1035 வாட்டை வெளியேற்ற வேண்டும். ஏசியின் பெட்டியில் எழுதியிருக்கும் திறன் பெரும்பாலும் உள்ளேயும் 35, வெளியேயும் 35 என்ற நிலைக்கானது. வெளியே 50 இருக்கும்போதான திறன் கேட்டலாக்கில் அடுத்த வரியில், குறைந்த எண்ணாக இருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த வரியை.

நமது கடலோரத்தில் கூடுதல் ஆபத்து ஈரம். சென்னையிலும் எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் கோடைக் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி நிற்கும். ‘குளிரக் குளிர இருக்கட்டும்’ என்று பேனல் ஏசியை 20-இல் வைத்தால், கதவைத் திறந்த அடுத்த நிமிடம் பஸ்பாரிலும் டெர்மினலிலும் நீர் கோக்கும். சூட்டால் சில ஆண்டுகளில் கெடக்கூடியது, நீரால் ஒரே நாளில் வெடிக்கும். பேனல் ஏசியை 35-இல் வைப்பதே முறை; உள்ளே இருக்கும் எந்தச் சாதனத்துக்கும் அதைவிடக் குளிர்ச்சி தேவையில்லை.

அழுத்தக் காற்றால் இயங்கும் சுழல்குழாய்க் கூலர் ஒன்று உண்டு. பிரெஞ்சு இயற்பியலாளர் ரான்க் 1930-களில் கண்டது, ஹில்ஷ் 1947-இல் மேம்படுத்தியது. அசையும் பாகம் இல்லை. பாய்லர் மாடி போன்ற இடத்தில் சிறிய பெட்டிக்கு நன்றாக உழைக்கும். அழுத்தக் காற்றைத் தயாரிக்கும் மின்செலவு அதிகம் என்பதால் வரிசையாக எல்லாப் பேனலுக்கும் வைக்கும் பொருள் அல்ல.

இவற்றுக்கெல்லாம் மாற்றாகத் திறந்த கதவும் பெடஸ்டல் ஃபேனும் இருப்பதை நான் பழுதுபார்ப்பு என்று ஏற்க மாட்டேன். ஐபி 54 என்று காசு கொடுத்து வாங்கிய பேனல் அந்த நிமிடமே ஐபி எண் இல்லாத பெட்டி ஆகிறது. பல்லி ஒன்று பஸ்பார்களுக்கு நடுவே புகுந்தால் போதும். அந்தத் திறந்த கதவுக்கு முன்னால்தான் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் நிற்கிறார். உள்ளே மின்பொறி வெடித்தால் அவருக்கும் அதற்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. உற்பத்தி நிற்கக் கூடாது என்பதற்காக அவரை அங்கே நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

எழுதி வாங்குவது

வளைகுடா நாடுகளில் பேனல் வாங்குவோர் 50 அல்லது 55 டிகிரி என்று விவரக்குறிப்பில் எழுதுவது வழக்கம். அங்கே வேலை பார்த்துத் திரும்பிய நம் எலக்ட்ரீஷியன்கள் பலருக்கும் இது தெரியும். இந்திய அனல்மின் நிலைய டெண்டர்களிலும் 50 டிகிரி வடிவமைப்பு வெப்பநிலையைக் காணலாம். தனியார் சிறு, நடுத்தர ஆலைகளில்தான் அந்த வரி தயாரிப்பாளரின் அச்சடித்த தாளில் வந்தபடியே இருந்துவிடுகிறது. பேனல் கட்டுபவர்மீது பழிபோடவும் முடியாது. விலை குறைந்தவருக்கு ஆர்டர் என்ற போட்டியில், கேட்காத 50 டிகிரிக்கு அவர் பெரிய பெட்டியும் பெரிய பிரேக்கரும் போட்டால் ஆர்டரை இழப்பார்.

வரைபடம் வரையும்போது 600 மில்லிமீட்டர் ஆழத்தை 800 ஆக்குவதும், டிரைவைத் தனிப் பெட்டியில் வைப்பதும், அதிகம் சூடாவதை மேலே வைத்து அதற்கு மேல் எதுவும் மாட்டாமல் விடுவதும் சிறு செலவு. பேனல் கூடத்துக்கு வந்து கேபிள் எல்லாம் கட்டிய பிறகு இவற்றில் எதையும் செய்ய முடியாது. ஏசி ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே ஆர்டரில் எழுத வேண்டியவை: பேனல் நிற்கும் இடத்தில் எதிர்பார்க்கும் உச்சம், 24 மணி நேரச் சராசரி, வெயில் படுமா, தூசியும் ஈரமும் எப்படி, எத்தனை ஷிஃப்ட், எந்தெந்த சர்க்யூட்டுகள் ஒரே நேரத்தில் முழு லோடில் ஓடும். கடைசியது முக்கியம். எந்தத் தகவலும் தராவிட்டால் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஃபீடர்கள் கொண்ட விநியோகப் பேனலில் ஒவ்வொன்றும் 60 சதவீத லோடில்தான் ஓடும் என்று எடுத்துக்கொள்ளத் தரம் அனுமதிக்கிறது. தொடர்ந்து ஓடும் டையிங் யூனிட்டில் அது பொருந்தாது. இவற்றைக் கொடுத்து, பதிலுக்குத் தயாரிப்பாளரிடமிருந்து ஒரே ஒரு தாளை வாங்க வேண்டும்: உள்ளே மொத்தம் எத்தனை வாட், அந்த உச்சத்தில் பேனலின் நடு உயரத்தில் எத்தனை டிகிரி, மேல் பகுதியில் எத்தனை டிகிரி. ஐஇசி 60890 இந்த இரண்டு உயரங்களுக்கும் விடை தரும். எக்செல் தெரிந்த யாரும் ஒரு மாலையில் போடக்கூடிய கணக்கு.

ஏற்கெனவே நிற்கும் பேனல்களுக்கு வேறு வரிசை. மே மாதத்தில் ஒரு வாரம், பேனலுக்கு உள்ளே மேல் பகுதியில் ஒன்றும், வெளியே கூடத்தில் ஒரு மீட்டர் தள்ளி நிழலில் ஒன்றுமாக இரண்டு வெப்பநிலைப் பதிவுக் கருவிகளை வைக்கலாம். அவை வரையும் கோடுகள் இரண்டும் நெருங்கியே ஏறி இறங்கினால் பிரச்சினை கூடத்தில். கூரைக்கு வெள்ளையடிப்பதும் காற்றுப் போக்கியும் பேனலுக்கும் பயன், அங்கே நிற்கும் ஆள்களுக்கும் பயன். இடைவெளி பெரிதாக இருந்தால் பிரச்சினை பேனலில். முதலில் ஃபில்டரை மாற்றி, டார்க் ரெஞ்சால் டெர்மினல்களை இறுக்கி, லோடில் ஓடும்போது தெர்மல் கேமராவால் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். கேமராவுக்காகக் கதவைத் திறக்க நேர்ந்தால் முகக்கவசமும் உரிய பாதுகாப்பு உடையும் இல்லாமல் திறக்கக் கூடாது. அடுத்த வாரம் கோடுகள் எவ்வளவு நெருங்கின என்று பார்த்து, டிரைவை இடம் மாற்றுவதா, ஹீட்சிங்கை வெளியே எடுப்பதா என்று முடிவுசெய்யலாம். ஏசிக்கு விலை கேட்பது அதற்கும் பிறகு, அதுவும் வெளியே 50 டிகிரியில் அது எத்தனை வாட் தரும் என்ற கேள்வியோடு.